வினவிப் படிக்கும் பிள்ளைகள்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்திருக்கும் இந்நன்னாளில், நடுநிலைப் பள்ளி மாணவரும் இலக்கிய வாசிப்பும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் பயிலும் நம் பிள்ளைகள் கதையையும் செய்யுளையும் எவ்வாறு படிக்க வேண்டும், அதற்கு நாம் எவ்வாறு துணைநிற்க வேண்டும் என்பதே நான் எடுத்துக்கொண்ட செய்தி. விழா நாளில் பாராட்டுரை வழங்குவது எளிது. ஆயினும், நம் மாலைப் படிப்பகத்தில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில், பாராட்டோடு ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அக்குறை பிறருடையது அன்று, என்னுடையது.

நான் அடக்கிய வினா

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திருநாளைப்போவார் என்னும் நந்தனாரின் வரலாற்றைச் சொல்லிக் கொண்டிருந்தேன். அவர் ஆதனூரில் பிறந்ததையும், திருப்புன்கூரில் நந்தி விலகியதையும், தில்லையில் தீயிற் புகுந்து முனிவர் வடிவுடன் எழுந்ததையும் கூறி முடித்தேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். "ஐயா, அதுக்கப்புறம் அவரு ஊருக்குத் திரும்பி வரலையா? அவங்க வீட்டுல தேட மாட்டாங்களா?" என்று கேட்டாள். பிள்ளைகள் சிரித்தனர். நானும் சற்றே சிரித்துவிட்டு, "அதெல்லாம் தேர்வில் வராது, உட்காரம்மா" என்று சொல்லி, வினாவிடையை எழுதிக் கொள்ளப் பணித்தேன்.

அவள் அமர்ந்தாள். அவ்வாண்டு முழுவதும் அவள் மீண்டும் ஒரு வினாவும் கேட்கவில்லை. தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றாள். அது கண்டு நான் மகிழ்ந்தேன்.

பின்னர் ஒருநாள் பெரியபுராணத்தை எடுத்து அப்பகுதியை நிதானமாகப் படித்தேன். சேக்கிழார் ஆதனூரின் புலைப்பாடியை எத்துணை நுணுக்கமாகக் காட்டுகின்றார் என்பதை அன்றுதான் கண்டேன். சுரைக்கொடி படர்ந்த பழங்கூரைகளைக் காட்டுகின்றார். முன்றிலில் சுழலும் கோழிக் குஞ்சுகளைக் காட்டுகின்றார். இரும்பு வளை அணிந்த கையால் நாய்க்குட்டியைக் கவர்ந்துகொண்டு ஓடும் சிறுவரைக் காட்டுகின்றார். மருத மர நிழலில் தோல் விரிப்பின்மேல் உறங்கும் உழத்தியின் குழந்தையைக் காட்டுகின்றார். இவ்வளவையும் தொடக்கத்தில் நம் கண்முன் நிறுத்திய புலவர், முடிவில் அந்தப் பாடிக்குத் திரும்பவே இல்லை. அம்பலத்தில் நந்தனார் மறைகின்றார், வரலாறு முடிகின்றது. அந்தக் கூரைகளுக்குச் செய்தி சொன்னவர் யார்? நூலில் விடை இல்லை.

அந்தச் சிறுமி கேட்டது இதைத்தான். நூலைக் கையில் எடுக்காமலே, கேட்ட கதையிலிருந்தே, கதை எங்கே தொடங்கியது, எங்கே நின்றுவிட்டது என்பதை அவள் கண்டுகொண்டாள். தமிழ் கற்பித்த நான் காணவில்லை. காண மறுத்தது மட்டுமன்றி, கண்டவளை உட்காரவும் வைத்துவிட்டேன்.

மதிப்பெண்ணும் வாசிப்பும்

நான் ஏன் அவ்வாறு செய்தேன்? மதிப்பெண் மீதிருந்த கவலையால் செய்தேன். அக்கவலையை இழிவாகக் கருத வேண்டா. தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு, தேர்ச்சி என்பது வாழ்வின் வாயில். அந்த வாயிலைத் திறக்க இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்த சங்கம் இது. ஆனால் வாயிலைக் கடந்த பின்னும் பிள்ளை நடக்க வேண்டுமல்லவா?

உரைநூலில் உள்ள விடையை அப்படியே ஒப்பிக்கும் மாணவன், அந்த விடை இல்லாத இடத்தில் வாயடைத்து நிற்கின்றான். கல்லூரியில் பேராசிரியர், "நீ என்ன நினைக்கின்றாய்?" என்று கேட்டால் தலை குனிகின்றான். நாளை அவன் முன் ஓர் ஒப்பந்தப் பத்திரம் நீட்டப்படலாம். ஓர் அறிக்கை வரலாம். ஒரு செய்தித்தாள் அவன் தெருவைப் பற்றியே எழுதலாம். இதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், இதில் சொல்லப்படாதது எது என்று அவன் கேட்க வேண்டாவா? அப்பழக்கம் இருபது வயதில் திடீரென வந்துவிடாது. பதினொன்று, பன்னிரண்டு வயதில், ஒரு கதையின் முன்னும் ஒரு செய்யுளின் முன்னும் அமர்ந்து பழக வேண்டும். கதையைக் கேட்டு வியக்கும் பருவம் கடந்து, "ஏன் இப்படி?" என்று கேட்கும் பருவம் அதுவே. அப்பருவத்தில் வினாவை அடக்கினால், அதை மீண்டும் எழுப்புவது கடினம்.

வள்ளுவர் அறிவுடைமை என்னும் அதிகாரத்தில், சொல்பவர் யார் என்பதைப் பாராமல் சொன்ன பொருளின் உண்மையை ஆராய்வதையே அறிவின் இலக்கணமாகக் காட்டுகின்றார். ஆகவே வினவுதல் நூலை அவமதிப்பது ஆகாது. வினவாமல் கடந்து போவதே அவமதிப்பு.

தந்தையைக் கேட்ட மாணவர்

இதற்கு நமக்கெல்லாம் நன்கு அறிமுகமான ஒருவரின் இளமையே சான்று. அண்ணல் அம்பேத்கர் 1956ஆம் ஆண்டில், 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலுக்கென எழுதிய முன்னுரையில் தம் பள்ளிப் பருவ நிகழ்ச்சி ஒன்றைக் குறிப்பிடுகின்றார். கபீர் நெறியைப் பின்பற்றியவரும் படையில் பணிபுரிந்தவருமான அவர் தந்தையார், இராமாயண, மகாபாரதப் பகுதிகளை வீட்டில் உரக்கப் படிக்கச் செய்வது வழக்கம். வீட்டாரும் வந்தவர்களும் அமர்ந்து கேட்பார்கள். பின்னர், பள்ளித் தேர்வில் தேறியமைக்காகச் சமூகத்தார் எடுத்த பாராட்டுக் கூட்டத்தில், கேலுஸ்கர் என்னும் அறிஞர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அம்மாணவருக்குப் பரிசாக அளித்தார். அந்நூலைப் படித்த பிறகே, நம்மைத் தாழ்த்திக் கூறும் நூல்களை ஏன் படிக்கச் சொல்கின்றீர்கள் என்று அவர் தந்தையைக் கேட்டார்.

தந்தையார் முதலில் அக்கேள்வியை விரும்பவில்லை; மகன் மீண்டும் கேட்டபோதே விடையளித்தார். தாழ்வு மனப்பான்மை வந்துவிடக் கூடாது என்பதற்காகவே படிக்கச் சொல்வதாகக் கூறி, எளிய நிலையிலிருந்து உயர்ந்த துரோணர், கர்ணன் போன்றோரை எடுத்துக் காட்டினார், வால்மீகியையும் சுட்டினார். அவ்விடையில் ஒரு நியாயம் இருப்பதை மகன் உணர்ந்தார். ஆயினும் நிறைவு கொள்ளவில்லை. இன்ன பாத்திரத்தின் இன்ன செயலை என்னால் ஏற்க இயலவில்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். தந்தையார் மௌனமானார்.

இளைஞர்களே! இந்நிகழ்ச்சியில் மூன்று பாடங்கள் உள்ளன. முதலாவது, அவர் அந்நூல்களைப் படித்திருந்தார், உரக்கப் படித்திருந்தார். படிக்காமல் மறுக்கவில்லை. இரண்டாவது, பிடிக்கவில்லை என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தச் செயல் என்று இடம் சுட்டினார். மூன்றாவது, இரண்டாவது நூல் ஒன்று அவர் கைக்கு வந்த பிறகே முதல் நூலைப் பற்றிய வினா முழுமையாக எழுந்தது. ஒரே நூல் உள்ள வீட்டில் அந்நூலே உலகம். இரண்டாவது நூல் வந்ததும் ஒப்பிடும் மனம் பிறக்கின்றது. ஆதலின், நம் பிள்ளைகளுக்கு வேண்டுவன இரண்டு: கேட்பதற்கு உரிமை; ஒப்பிடுவதற்கு இன்னொரு நூல்.

ஒரே நந்தன், பல கதைகள்

என் பிழையை உணர்ந்த பின்னர், நந்தனார் வரலாற்றையே மீண்டும் படிப்பகத்தில் எடுத்துக்கொண்டேன். இம்முறை ஒரு கதையாக அன்று, பல கதைகளாக.

சுந்தரர் பாடிய திருத்தொண்டத் தொகையில் அவர் பெயர் அளவிலேயே இடம்பெறுகின்றார். நம்பியாண்டார் நம்பி ஒரு செய்யுளில் கூறுகின்றார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதனை விரிவான வரலாறாக்குகின்றார். அவருடைய நந்தனார், தம் குலத்தொழிலுக்கென அமைந்த நிலத்தைக் கொண்டு வாழ்ந்து, திருக்கோயில்களின் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் வழங்குகின்றார். அங்கே அவரைத் தடுக்கும் நிலக்கிழார் எவரும் இல்லை. தம் பிறப்பை எண்ணி அவர் உள்ளத்தில் எழும் தயக்கமே தில்லைப் பயணத்தை நாளை, நாளை என்று தள்ளிப் போடுகின்றது.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையிலோ வேதியர் ஒருவர் பண்ணைத் தலைவராகத் தோன்றுகின்றார். நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்தால்தான் விடுப்பு என்கின்றார். இறையருளால் ஓர் இரவில் பயிர் விளைகின்றது. வேதியர் மனம் மாறுகின்றார். மேடையிலும் திரையிலும் நாம் கண்ட நந்தனார் பெரும்பாலும் இவரே. பின்னர், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், நந்தனை ஓர் அரசனாகவே தம் எழுத்தில் காட்டினார். புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' என்று ஒரு சிறுகதை எழுதினார். இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' என்று நாடகம் எழுதினார்.

இவற்றுள் சேக்கிழார் கதையையும் பாரதியார் கதையையும் எளிய உரைநடையில் சொல்லி, "எது மாறியிருக்கின்றது?" என்று மட்டும் கேட்டேன். "பழைய கதையில பண்ணையார் இல்லை" என்று ஒரு மாணவன் உடனே சொன்னான். "ஏன் பின்னால் வந்தார்?" என்றேன். சிறிது நேரம் அமைதி. பிறகு அவனே, "யாரு தடுக்கிறாங்கன்னு பழைய கதையில முகம் தெரியலை. இதுல முகம் தெரியுது" என்றான். மற்றொரு சிறுமி ஒப்பவில்லை. "ஆனா இதுலயும் ராத்திரியோட ராத்திரியா சாமிதானே விளைய வெச்சிடுது? வருசம் பூரா நந்தன் பார்த்த வேலைக்கு என்ன கணக்கு?" என்று கேட்டாள். அந்த அறையில் இருந்த பிள்ளைகளின் தாய் தந்தையருள் பலர் நடவுக்கும் அறுப்புக்கும் போகின்றவர்கள். அவ்வினாவின் கனம் உங்களுக்கு விளங்கும்.

இருவருள் யார் சொன்னது சரி? நான் தீர்ப்பு வழங்கவில்லை. இருவரும் கதையிலிருந்தே காரணம் காட்டினார்கள். அது போதும் என்றேன். உயர்கல்வியில் திறனாய்வு என்று பெயரிட்டுக் கற்பிப்பது இதைத்தான். நம் சிறார் அதைத் தரையில் அமர்ந்து, அரைமணி நேரத்தில் செய்து காட்டினார்கள்.

நாம் செய்யத் தக்கவை

இனி, படிப்பகத்தில் பிள்ளைகளோடு அமரும் இளைஞர்களுக்குச் சில நடைமுறைகளைக் கூறுகின்றேன். இவற்றுக்குப் பொருட்செலவு பெரிதில்லை, பொறுமையே பெருஞ்செலவு.

முதலில், உரக்கப் படியுங்கள், விரையாதீர்கள். புரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறியும், பிடித்த இடத்தில் ஒரு கோடும், ஏற்க முடியாத இடத்தில் ஒரு பெருக்கல் குறியும் இடப் பிள்ளைகளைப் பழக்குங்கள். நூலகப் புத்தகமாயின் சிறு தாள் துண்டுகளை இடையில் வைக்கலாம். குறியிடும் கை உறங்காது.

இரண்டாவதாக, வினாக்களைப் படிப்படியாக எழுப்புங்கள். என்ன நடந்தது என்பது முதற்படி. அதை யார் சொல்கின்றார், எவர் கண்ணால் நாம் பார்க்கின்றோம் என்பது அடுத்த படி. எவர் பேசுகின்றார், எவர் பேசாமல் இருக்கின்றார் என்பது மூன்றாம் படி. ஒவ்வொரு விடைக்கும் பின்னர், "எந்த வரியை வைத்துச் சொல்கின்றாய்?" என்று அன்போடு கேளுங்கள். இவ்வொரு வினா நாள்தோறும் கேட்கப்பட்டால், பிள்ளைகள் தாமே ஒருவரையொருவர் அவ்வாறு கேட்கத் தொடங்குவர்.

மூன்றாவதாக, ஒரே பகுதியை இருமுறை படிக்கச் செய்யுங்கள். பாமா எழுதி 1992இல் வெளிவந்த 'கருக்கு' என்னும் நூலில் ஒரு காட்சி உண்டு. தெருவில் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் அதன் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகின்றார். சிறுமியின் கண்ணுக்கு அது வேடிக்கை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கின்றாள். அவர் காரணத்தை விளக்குகின்றார், சிரிப்பு நின்றுவிடுகின்றது. காட்சி ஒன்றுதான், அறிந்தபின் அதே காட்சி வேறாகிவிடுகின்றது. இப்பகுதியை முடிவுவரை படித்தபின், மீண்டும் தொடக்கத்திலிருந்து படிக்கச் சொல்லுங்கள். முதன்முறை சிரித்த இடத்தில் இப்போது ஏன் சிரிக்க முடியவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் வாசிப்பு என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக நான் விளக்க இயலாது.

நான்காவதாக, கதையில் பேசாத ஒருவரைப் பேசச் செய்யுங்கள். நந்தனாரின் வீட்டார் பேசட்டும். பண்ணையில் உடன் உழைத்தவர் பேசட்டும். ஒரு பக்கம் எழுதினால் போதும். எழுதும்போது பிள்ளை மூலநூலை மீண்டும் புரட்டிப் பார்க்கும். அதுவே நமக்கு வேண்டுவது.

ஐந்தாவதாக, வீட்டிலுள்ள இலக்கியத்தை மறவாதீர்கள். நம் பாட்டிமார் சொல்லும் கதையும், விடுகதையும், தாலாட்டும், ஒப்பாரியும் இலக்கியமே. ஒரே கதையை இரு பாட்டிகளிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். இருவர் சொன்னதும் ஒன்றுபோல் இராது. ஏன் மாறியது என்று கேட்கும் பிள்ளை, அச்சிட்ட நூலையும் அவ்வாறே நோக்கும். தெருக்கூத்தில் அரசனே வேடமணிந்து வந்து நின்றாலும், கட்டியக்காரன் அவனைப் பார்த்து, நீர் யார், எங்கிருந்து வந்தீர், எதற்காக வந்தீர் என்று கேட்கின்றான். விடை சொன்ன பிறகே ஆட்டம் தொடர்கின்றது. வினவுதல் நமக்குப் புதிதன்று என்பதைப் பிள்ளைகள் அறியட்டும்.

ஓர் எச்சரிக்கை

இவ்விடத்தில் இளைஞர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். நாம் கொண்ட கருத்துகளைப் பிள்ளைகளின் வாயில் வைத்து, அவர்கள் அவற்றைத் திருப்பிச் சொன்னதும் கைதட்டினால், அதுவும் மனப்பாடமே. உரைநூலின் விடைக்குப் பதிலாக நம் விடையை ஒப்பிக்கின்றார்கள், வேறொன்றுமில்லை. பிள்ளை நம்மையும் மறுக்கலாம். நான் விரும்பும் கவிதை அவனுக்குப் பிடிக்காமல் போகலாம். அவ்வாறு ஒருவன் சொன்ன நாளில் நாம் மகிழ வேண்டும்.

குறை காண்பது மட்டுமே திறனாய்வு என்று எண்ணுவதும் தவறு. சேக்கிழார் முடிவில் சொல்லாமல் விட்டதைக் கேட்ட பிள்ளை, தொடக்கத்தில் அவர் காட்டிய கோழிக் குஞ்சையும் நாய்க்குட்டியையும் கண்டு மகிழவும் வேண்டும். அந்த அழகைக் காணாதவனுக்கு அந்த மௌனமும் புலப்படாது. இன்பமும் வினாவும் ஒரே வாசிப்பின் இரு கைகள்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். உங்கள் பிள்ளை வீட்டில் எதிர்க்கேள்வி கேட்டால், "படிக்கப் போய் வாயாடக் கத்துக்கிட்டியா?" என்று அதட்டாதீர்கள். விடை தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்வதில் தாழ்வு இல்லை. "எனக்குத் தெரியலை கண்ணு, படிச்சு நீ சொல்லு" என்று கூறுங்கள். எழுத்தறியாத தாயும் தன் பிள்ளையைச் சிறந்த வாசகனாக்க அந்த ஒரு சொல் போதும்.

என் வேண்டுகோள்

சங்கப் பெரியோர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். படிப்பகத்தில் வாரத்தில் ஒரு மணி நேரத்தைத் தேர்வுப் பாடத்துக்கு அல்லாமல், கதை படிப்பதற்கே ஒதுக்குங்கள். பல நூல்களில் ஒவ்வொரு படி வாங்குவதோடு, சில நூல்களில் ஐந்தாறு படிகள் வாங்குங்கள். ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் பலர் பார்த்துப் பேசினால்தான் கருத்து மோதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வினா ஏடு கொடுங்கள். அதில் விடை எழுத வேண்டா; மதிப்பெண் இட வேண்டா. படித்தபோது எழுந்த வினாவை எழுதி, நாளைக் குறித்தால் போதும். நம் பொன்விழா நாளில் அந்த ஏடுகளை இம்மேடையில் வைத்துப் பார்ப்போம்.

முடிப்பதற்கு முன், அந்தச் சிறுமியைப் பற்றி ஒரு சொல். அவர் இன்று ஒரு தாய். சென்ற ஆண்டு தம் மகனை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு நம் படிப்பகத்தில் சேர்க்க வந்தார். நான் அவரிடம், "அம்மா, அன்று நந்தனார் ஊருக்குத் திரும்பினாரா என்று கேட்டாய். அதற்கு நூலில் விடை இல்லை. நீ கேட்டது மிகச் சரியான கேள்வி. அன்று உன்னை உட்காரச் சொன்னது என் தவறு" என்று கூறினேன். அவர் சற்று நேரம் நினைத்துப் பார்த்துவிட்டு, "நானா ஐயா கேட்டேன்? ஞாபகம் இல்லீங்களே" என்று சிரித்தார்.

அவர் மறந்துவிட்டார் என்பதில் எனக்கு ஆறுதல் இல்லை. அன்று நான் அடக்கியது ஒரு வினாவை என்று எண்ணியிருந்தேன். அடங்கியது கேட்கும் பழக்கமே என்பதை அந்தச் சிரிப்பில் உணர்ந்தேன். அவர் மகன் இப்போது நம் படிப்பகத்தின் முன்வரிசையில் அமர்கின்றான். நிறையக் கேட்கின்றான். சில நாள்களில் பாடமே நகர்வதில்லை. அவனை உட்காரச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. இங்குள்ள இளைஞர்களே, எனக்குப் பின் அந்த இடத்தில் அமரப் போகும் நீங்களும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கின்றேன்.